பாடம் கேட்போர் பாடம் வகுக்கலாமா?

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் இருபொருள் தருவது. செவிவழிப் பெறும் அறிவும் கேள்வி; அறியாததை வினவுதலும் கேள்வி. திருவள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கு அச்சொல் முதற்பொருளில் நிற்கிறது. இன்றைய பேச்சு வழக்கிலோ இரண்டாம் பொருளே மேலோங்கிவிட்டது. அடங்கிக் கேட்பதையும் எழுந்து கேட்பதையும் ஒரே சொல் சுட்டுவது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் நம் கல்வி மரபில் இவ்விரண்டும் எவ்வாறு கலந்திருந்தன, இன்று எவ்வளவு தூரம் விலகிவிட்டன என்று எண்ணிப் பார்க்க அச்சொல் நமக்கு இடந்தருகிறது.

பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர், தாம் பயிலும் பாடத்தை வகுப்பதில் பங்கு பெறலாமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. மேலை நாடுகளில் இவ்வினா சென்ற இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில், தாம் பதிவு செய்யாத ஒரு வகுப்பில் மாணவர் ஒருவர் வாரந்தோறும் அமர்ந்து, கண்டவற்றை அவ்வகுப்பின் ஆசிரியரோடு கலந்து பேசும் முறை நடைமுறையில் உள்ளது. அப்பணிக்கு மாணவருக்கு ஊதியமும் உண்டு. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய முயற்சிகள் பல. அங்கு நடப்பதை இங்கே ஏன் பேசவேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருவகைப்பட்டவை. பிழைப்புக்காகவும் பணிக்காகவும் வந்து குடியேறியவர் ஒரு வகை. குடியேறாமலே வேற்று மாநிலத்தவர் ஆனவர் மற்றொரு வகை. 1911-இல் அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது; 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மனிதர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைதான் நடந்தது! இருவகையினர்க்கும் பொதுவான அனுபவம் ஒன்றுண்டு. பிறர் வகுத்து வைத்த பட்டியலிலிருந்து தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் அனுபவம் அது. 1954-இல் திருப்பதியில் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983-இல் தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 1997-இல் குப்பத்தில் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நம் பிள்ளைகள் பயின்றிருக்கிறார்கள். சேர்க்கை நாளன்று விண்ணப்பத்தை நீட்டுவார்கள். பாடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றுக்கு நேரே குறியிடுவதோடு மாணவரின் விருப்பம் முடிந்துவிடும். அப்பட்டியலை எழுதியவர் யார் என்று கேட்பவர் அரியர்.

அறியாதவன் தான் அறியாததை எவ்வாறு தேர்வான் என்பதே இதற்கு எதிராக எழும் முதல் தடை. நோயாளி மருந்தைத் தேர்வதில்லை. பயணி கப்பலைச் செலுத்துவதில்லை. இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. வேதியியல் பயில வந்த பதினெட்டு வயது இளைஞர் எந்த அலகு முன்னே வரவேண்டும், எது பின்னே வரவேண்டும் என்று தாமே முடிவு செய்வாராயின், கடினமானவை யாவும் பின்னே போய், பின்னே போனவை காணாமற் போய்விடும் என்னும் அச்சம் ஆசிரியர்க்கு உண்டு. அவ்வச்சம் வீணானதன்று.

ஆனால் நம் இலக்கண நூலார் மாணவனை எவ்வாறு கண்டனர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் நன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை இயற்றுவித்த சீயகங்கன், சித்தூருக்கு அடுத்திருக்கும் கோலார்ப் பகுதியோடு தொடர்புடைய கங்கர் குலத்தவன். ஆகவே அந்நூல் நமக்கு அயல்வீட்டுச் செல்வம் எனலாம். அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணாக்கர், பாடஞ்சொல்லும் முறை, பாடங்கேட்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியே விரித்துரைக்கிறது. மாணாக்கரை அது மூவகைப்படுத்துகிறது. முதல் தரத்தவர்க்கு உவமை அன்னமும் பசுவும். இடைத்தரத்தவர்க்கு மண்ணும் கிளியும். கடைத்தரத்தவர்க்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை.

இங்கே கிளிக்குக் கிடைத்த இடத்தை நோக்குக. சொல்லிக் கொடுத்ததைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் கிளி முதல் வரிசையில் இல்லை. உழவன் உழைத்த அளவுக்கு விளைச்சல் தரும் மண்ணும் இல்லை. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமும், மேய்ச்சல் நிலத்தைக் கண்டு வயிறார மேய்ந்து பின்பு தனித்திருந்து அசைபோடும் பசுவுமே முதல் வரிசை. தேர்ந்தறியும் ஆற்றல் மாணவனின் தலையாய இலக்கணம் என்று வைத்த மரபு நம்முடையது. இன்றைய தேர்வு முறையோ கிளிக்குத் தங்கப் பதக்கம் அணிவிக்கிறது. பசு அசைபோட நேரம் ஒதுக்கிய பல்கலைக்கழகக் கால அட்டவணை ஒன்றையும் நான் கண்டதில்லை.

அதனினும் வியப்பான கணக்கு ஒன்று அதே பகுதியில் உள்ளது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்வாங்கிக்கொண்டாலும் புலமையில் காற்பங்குதான் கைவரும் என்கிறது நன்னூல். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் வந்தடைவது. ஆசிரியர் ஒருவரே கூறினார் இதை. ஆசிரியரின் பங்கு நாலில் ஒன்று என்று! முக்காற்பங்கு மாணவர் பக்கம் நிகழ்வதாயின், அந்த முக்காற்பங்கு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்தவரும் மாணவரே அன்றோ? நோயாளி மருந்தைத் தேர்வதில்லை என்றோம். ஆயினும் வலி எங்கே என்று சொல்லத்தக்கவர் அவர் ஒருவரே. அதைக் கேளாமல் மருந்து எழுதும் மருத்துவரை நாம் மறுமுறை நாடுவதில்லை.

திருப்பதியில் பள்ளிப்படிப்புப் படித்த ஒருவரின் வாழ்க்கை இங்கு எண்ணத்தக்கது. 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். பின்பு வேலூர் சென்று, அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். அங்கே அவர் தத்துவத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என்ன? உறவினர் ஒருவர் தத்துவம் படித்து முடித்திருந்தார்; அவருடைய பாடநூல்கள் விலையின்றிக் கிடைத்தன. குடும்பத்தின் பொருள்நிலை பாடத்தைத் தேர்ந்து கொடுத்தது. பின்னாளில் உலகம் போற்றிய தத்துவப் பேராசிரியர், பழைய புத்தகங்களின் வழியே தத்துவத்திற்கு வந்தார்.

இதைக் காட்டி, “தேர்வுரிமை இல்லாமலே பெரியவர் ஆனாரே” என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் கதையின் பிற்பாதியை விட்டுவிடுகிறார்கள். அக்கல்லூரியில் இந்திய சமயத்தின் மீது எழுந்த குறைகூறல்கள் இளைஞர் இராதாகிருஷ்ணனை உறுத்தின. வேதாந்தத்திற்கு ஒழுக்கவியல் இல்லை என்னும் கூற்றுக்கு மறுமொழியாக, வேதாந்தத்தின் ஒழுக்கவியலையே தம் முதுகலை ஆய்வேட்டின் பொருளாக அவர் கொண்டார். 1908-இல் அது நூலாகவும் வெளிவந்தது. அவ்வேட்டைப் பாராட்டியவர் அவருடைய ஆசிரியர் ஆல்பிரட் ஹாக். தாமே ஒரு கிறித்தவ சமயப் பணியாளர். பாடத்தின் பெயரைப் புத்தகங்கள் முடிவு செய்திருக்கலாம். பாடத்தின் உள்ளீட்டை மாணவரும் ஆசிரியரும் மோதியும் மதித்தும் சேர்ந்தே செய்தனர். 1948-இல் சுதந்திர இந்தியாவின் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அதே மாணவர் தலைவரானார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஹாக் அன்று மாறுபட்ட கருத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது மனம் சற்று நடுங்குகிறது.

மாணவர் கையில் முழு அதிகாரமும் இருந்த காலமும் உண்டு. இத்தாலியில் உள்ள பொலோனாவின் பழைய பல்கலைக்கழகத்தில் மாணவர்களே சங்கமாகக் கூடி ஆசிரியரை அமர்த்தினர். தாமதமாக வந்தாலும் உரிய நேரத்தைக் கடந்து பேசினாலும் ஆசிரியருக்குத் தண்டம் விதித்தனர். நகர ஆட்சி ஆசிரியர்க்கு ஊதியம் தரத் தொடங்கியதும் அப்பிடி தளர்ந்தது. கூலி கொடுப்பவன் என்னும் நிலையிலிருந்து பிறந்த உரிமை, கூலி கொடுப்பவர் மாறியதும் போய்விட்டது. இன்று பெருங்கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளில் “நாங்கள் பணம் கட்டுகிறோம்” என்று எழும் குரலுக்கும் இதே பலவீனம் உண்டு. வாடிக்கையாளர் வேறு, பங்காளி வேறு. வாடிக்கையாளருக்குப் பொருளின் மீது பொறுப்பில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த கடை.

பங்காண்மைக்கு நான் கண்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இத்தாலியிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை, கும்பகோணத்தில் உள்ளது. 1880-ஆம் ஆண்டு. அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து சில மாதங்களே ஆன உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். எவ்வெவற்றைப் பயின்றிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். முதலியார் அசையவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஐயர் படித்திருக்கவில்லை, ஏட்டை அவர் கண்டதும் இல்லை.

அதன்பின் நடந்ததுதான் நமக்கு முதன்மையானது. முதலியார் தம்மிடமிருந்த படியைக் கொடுத்து, அந்நூலைத் தமக்குப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். பாடத்தைக் குறித்துக் கொடுத்தவர் பாடம் கேட்க வந்தவர். குறித்த பாடத்தை அறியாதவர் பாடம் சொல்ல வேண்டியவர். இருவரும் சேர்ந்து அமர்ந்தனர். புரியாத இடங்கள் மலிந்தன. ஐயர் அவ்வூரில் வாழ்ந்த சைனர்களை நாடி, அவர்கள் மரபில் அந்நூலைப் படித்து வந்தவர்களிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். ஆசிரியரே மீண்டும் மாணவரானார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் தொடர்ந்தன. இன்று எந்தப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பாடத்திட்டத்தை எடுத்தாலும் இந்நூல்கள் முதலிடம் பெறுகின்றன. கேட்க வந்த ஒருவர், “நீங்கள் சொல்லித்தரும் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது” என்று சொன்னதனால் அப்பட்டியல் மாறியது.

முதலியார் இளைஞரல்லர், பதவியிலிருந்தவர், ஆதலால் அவர் சொல் ஏறியது என்பர் சிலர். உண்மைதான். நம் கல்லூரி மாணவர்க்கு அப்பதவி இல்லை. ஆகவேதான் அவர் சொல்லும் சொல் ஏறுவதற்கு வழியொன்றை அமைத்துத் தரவேண்டியிருக்கிறது. ஏறத்தகுதியான சொல் என்றால் அது யார் வாயிலிருந்து வருகிறது என்பது பொருட்டன்று.

அவ்வழி இன்று உள்ளதா? ஓரளவு உண்டு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழு, பாடத்திட்டம் பற்றி மாணவரிடமும் முன்னாள் மாணவரிடமும் கருத்துப் பெற்றதற்குச் சான்று கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, தன்னாட்சிக் கல்லூரியின் ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவிலும் துறை ஆசிரியர்கள், வெளி வல்லுநர்கள், தொழில் துறைப் பேராளர், முதுகலை முடித்த சிறந்த முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோர்க்கு இடமுண்டு. படித்து முடித்தவர்க்கு நாற்காலி உண்டு; படித்துக் கொண்டிருப்பவர்க்கு என்று ஒரு நாற்காலியை அவ்விதி ஒதுக்கவில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, துறைதோறும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த கூட்டுக் குழுக்கள் வேண்டும் என்று அன்றே பரிந்துரைத்தது. அறுபது ஆண்டுகள் நெருங்கியும் எத்தனை துறைகளில் அது உயிரோடு இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல விரல்கள் போதும் போலும்.

முன்னாள் மாணவர் போதாரா? போதார் என்பதே என் துணிபு. அறியாமையின் அனுபவம் விரைவில் அழிந்துபோவது. மிதிவண்டி ஓட்டக் கற்றவர், ஓட்டத் தெரியாதிருந்த உடம்பின் தடுமாற்றத்தை மறந்துவிடுகிறார்; எப்படி விழுந்தோம் என்று பிறர்க்கு விளக்க அவரால் முடிவதில்லை. முப்பது ஆண்டு கற்பித்த பேராசிரியர்க்குத் தம் பாடம் முழுதும் தெளிவு. தெளிவாயிருப்பதே அவருக்குத் தடை. எந்தப் படியில் கால் இடறும் என்பது அவர் நினைவிலிருந்து மறைந்துவிட்டது. அவ்வறிவு இன்று இடறிக் கொண்டிருப்பவரிடம் மட்டுமே இருக்கிறது. அதுவும் அடுத்த ஆண்டு அவரிடம் இராது.

நம் பகுதியிலேயே இதை ஒருவாறு உணர்ந்து செய்த முயற்சி ஒன்றுண்டு. அது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். 1920-களின் நடுவில் உலகப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவும் கனவோடு அவ்வூரையடுத்த பள்ளத்தாக்கில் நிலம் தேடப்பட்டது. பல்கலைக்கழகம் எழவில்லை; ரிஷி வேலிப் பள்ளி எழுந்தது. அங்கும் காசியிலும் மாணவரோடும் ஆசிரியரோடும் அவர் நிகழ்த்திய உரையாடல்கள் 1974-இல் கல்வி பற்றிய நூலாக வந்தன. பின்னர் அப்பள்ளியைச் சார்ந்த கிராமக் கல்வி மையம், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாடநூலுக்கு மாற்றாக அட்டைகளையும், ‘கற்றல் ஏணி’ என்னும் வரைபடத்தையும் உருவாக்கியது. குழந்தை ஏணியில் தான் நிற்கும் படியைத் தானே கண்டு, உரிய அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில் முன்னேறும். இம்முறையைத் தழுவியே 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பின்பு தமிழ்நாடெங்கும் பரவியது. தெலுங்கு மண்ணில் முளைத்தது தமிழ்க் குழந்தைகளுக்குப் பயன்பட்டது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

அங்கும் ஏணியைச் செய்தவர் பெரியவர்களே. ஆறு வயதுக் குழந்தைக்கு அது போதும். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படி எது என்று அந்தச் சிற்றூர்க் குழந்தைக்குத் தெரிந்திருக்கையில், மூன்றாம் அலகு ஏன் நான்காம் அலகுக்கு முன் வருகிறது என்று நம் இருபது வயது இளநிலை மாணவருக்கு ஏன் தெரிவதில்லை? யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இனி, நம்மை நேரே தொடும் இடத்திற்கு வருகிறேன். மாணவர் பங்கு என்றவுடன் பலர் மனத்தில் எழுவது வாக்கெடுப்பு. எந்தப் பாடம் வேண்டும், கை தூக்குங்கள் என்பது. அவ்வாறு நடக்குமாயின் திருப்பதியிலோ சித்தூரிலோ எந்தக் கல்லூரியிலும் தமிழ் நிற்காது. அறுபது பேர் கொண்ட வகுப்பில் தமிழ் வேண்டும் என்பவர் நால்வராக இருக்கலாம். நால்வருக்காக ஓர் ஆசிரியரா என்று கேட்பது எண்ணிக்கையின் நியாயம். இன்று தமிழுக்கு நேர்வது நாளை வடமொழிக்கும், உருதுக்கும், தத்துவத்திற்கும், ஏன், தூய கணிதத்திற்கும் நேரும். வேலை வாய்ப்பு மிகுந்த இரண்டொரு பாடங்களைத் தவிர மற்றவை யாவும் கை தூக்கலில் தோற்றுப்போகும்.

ஆகவே பங்காண்மை என்பதை எண்ணிக்கையால் அளத்தல் ஆகாது. காரணத்தால் அளத்தல் வேண்டும். குப்பத்திலிருந்தோ நகரியிலிருந்தோ வந்த ஒரு தமிழ் மாணவி, “எங்கள் வட்டாரத்து நிலப்பத்திரங்களும் கோயிற் கல்வெட்டுகளும் தமிழிலும் உள்ளன, வரலாற்றுப் பாடத்தில் அவற்றைப் படிக்கும் பயிற்சி ஓர் அலகாக இருக்கட்டும்” என்று சொல்வாராயின், அவர் ஒருவரே என்பது அக்கருத்தின் குறையாகாது. திருமலையின் கல்வெட்டுகளில் தமிழ் மிகுதி என்பதை வரலாற்றாசிரியர் யாவரும் அறிவர். தெலுங்கு மாணவர்க்கும் அப்பயிற்சி பயன் தரும். அவர் கேட்பது சலுகையன்று. பாடத்தில் உள்ள ஓர் ஓட்டையை அவர் இருக்கும் இடத்திலிருந்து கண்டு சொல்கிறார். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் நிற்கும் இடத்திலிருந்து அது தென்படாது. இராமசாமி முதலியார் செய்ததும் இதுவே.

உரிமை பற்றிப் பேசினோம். சுமை பற்றியும் பேச வேண்டும். பாடத்தைத் திருத்தச் சொல்லும் மாணவர் அத்திருத்தத்தின் பயனைத் தாம் நுகர்வதில்லை. குழு கூடி, ஒப்புதல் பெற்று, புதிய திட்டம் வருவதற்குள் அவர் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார். பின்னே வரும் முகமறியாத இளையவர்க்காக அவர் நேரம் செலவிட வேண்டும். தேர்வு நெருங்கும் வேளையில் இது எளிதன்று. அன்றியும், மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும் வரை மாணவர் வாய் திறவார். திறந்தாலும் இனிப்பானவற்றையே சொல்வார். கருத்துப் படிவங்களில் “மிக நன்று” என்னும் கட்டத்தில் வரிசையாகக் குறியிட்டுவிட்டுப் போகும் வழக்கம் இதனால் வந்ததே. நம் வீடுகளும் இதற்கு உடந்தை. அயலூரில் பிழைக்க வந்தவர்கள், வம்பு வேண்டாம், பட்டத்தை வாங்கிக்கொண்டு வா என்று பிள்ளைகளை அனுப்புகிறோம். அந்த அறிவுரையின் பின்னே உள்ள அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாய் திறவாத பிள்ளையின் மொழி பாடப்பட்டியலிலிருந்து சத்தமின்றி நீங்கும்போது நாம் வியப்படைவது பொருந்தாது.

பெருஞ்சீர்திருத்தம் எதையும் இதற்காக எதிர்பார்க்க வேண்டியதில்லை. பருவத்தின் மதிப்பெண்கள் வெளியான பிறகு, துறைத்தலைவர் அந்தப் பாடத்தைப் படித்து முடித்த மூவரை அழைக்கட்டும். நன்றாகத் தேறிய ஒருவர், அரிதில் தேறிய ஒருவர், தேறாத ஒருவர் என மூவகையும் இருக்கட்டும். அலகு அலகாக எங்கே புரிந்தது, எங்கே மனப்பாடம் செய்து தப்பினோம், எது விடுபட்டிருக்கிறது என்று அவர்கள் தமக்கு எளிதாக வரும் மொழியில் இரண்டு பக்கம் எழுதட்டும். அதன் கீழே ஆசிரியர் எவற்றை ஏற்றார், எவற்றை எக்காரணத்தால் ஏற்கவில்லை என்று தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்த ஆண்டு வகுப்பின் முதல் நாளில் அத்தாளைப் புதிய மாணவர் கையில் கொடுக்கட்டும்.